குதித்தது உண்மை, விழவில்லை

1

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு ஆதாரமாக ஒரு பழைய ஃபைல் கிடைத்தது என்று நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். ஃபைலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் சுக்கு வாங்கினேன். மடித்துக் கொடுத்த பழங்காகிதத்தில், மசி மங்கிய பெண் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "குதித்தது உண்மை. விழவில்லை." மேலே கிழிசல், கீழே சுக்குத்தூள். யார் குதித்தார், எங்கிருந்து, யாருக்கு இந்தப் பதில் என்று எதுவும் தெரியாது. கஷாயம் வைத்துக் குடித்ததில் இருமல் போய்விட்டது. அந்த வரி மட்டும் போகவில்லை.

ஆரம்பம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

[ஒன்று: "துலாவர்ஷம் கொட்டி ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கரமனை ஆறு கரை நிறைய..." வேண்டாம். மழையில் ஆரம்பிக்கிற கதைகளை நானே படிப்பதில்லை.]

[இரண்டு: "இளம் வயதினர் ஏன் ஆபத்தை நாடுகிறார்கள் என்பது காலங்காலமாக..." இது பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பேச்சு. அடித்துவிட்டேன்.]

மூன்று: "பஞ்சாபகேசனுக்கு ஒரே ஒரு முடிச்சுத்தான் போடத் தெரியும்." இது இருக்கட்டும்.

2

பஞ்சாபகேசனுக்கு ஒரே ஒரு முடிச்சுத்தான் போடத் தெரியும். அது ஃபைல் கட்டுகிற முடிச்சு. நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு காதை மட்டும் வெளியே விட்டு இறுக்க வேண்டும். மேலதிகாரி கேட்டால் காதைப் பிடித்து ஒரு இழுப்பு, ஃபைல் திறந்துவிடும். சர்க்கார் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக இந்த முடிச்சைப் போட்டுப் போட்டு ஹெட் கிளார்க் ஆனவர், வீட்டுக் கொடிக்கயிற்றுக்கும் இதையே போடுவார். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் துவைத்த துணியெல்லாம் சேற்றில் கிடக்கும். மனைவி அனந்தலக்ஷ்மி மறுபடி துவைத்து, தானே கயிற்றைக் கட்டுவாள்.

கொல்லம் 1113, துலாம் மாதம். இங்கிலீஷ் கணக்கில் 1937. வலியசாலை அக்கிரகாரத்தில் வீடு. ஒரே பெண் விஜயம், வயது பதினாறு, காலேஜில் இண்டர்மீடியட் முதல் வருஷம். அவள் நனைந்த பாவாடையோடு வாசலுக்கு வருவதற்குள் கரமனையிலிருந்து சேஷன் வந்துவிட்டார். சேஷன் அதே ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர். அன்றைக்கு லீவு. பாலத்தடியில் குளித்துக்கொண்டிருந்தாராம்.

"பஞ்சு, ஒரு வர்த்தமானம். நீ பதறப்படாது."

"பதறலை. சொல்லு."

"உன் பொண்ணு பாலத்துலேர்ந்து ஆத்துல குதிச்சுட்டா."

பஞ்சாபகேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "விழுந்தாளா?"

"இல்லேடா. கைப்பிடிச் சுவத்து மேல ஏறி, பாவாடையைத் தாறு பாய்ச்சிண்டு, குதிச்சா. கரையேறி நின்னு சிரிச்சா. கூட நாலு பொண்கள் கைதட்டறது. நல்ல நீச்சல்தான், கேட்டியா. அது வேற விஷயம்."

அடுக்களை வாசலில் அனந்தலக்ஷ்மி கரண்டியோடு நின்றிருந்தாள். "போறும். திங்கக்கிழமைலேர்ந்து காலேஜ் வேண்டாம். அங்கே போனதுனாலேதானே இந்தக் கூட்டெல்லாம் கிடைச்சுது."

"இரு. விளக்கம் கேக்காம ஆர்டர் போடப்படாது."

"அப்போ கேளுங்கோ. ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு ஆர்டர் வேணும்."

கதையில் பணயம் இவ்வளவுதான். திங்கட்கிழமை விஜயம் காலேஜுக்குப் போவாளா, மாட்டாளா?

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து இரண்டு நாள் எழுதவில்லை. பஞ்சாபகேசன் பெண்ணை எப்படிப் புரிந்துகொள்ளப் போகிறார்? இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சின்ன வயதில் அவரும் ஏதோ துணிச்சல் செய்தார், அது இப்போது ஞாபகம் வருகிறது, கண் கலங்குகிறது என்று எழுதிவிடலாம்.

[எழுதினேன்: "பதினைந்து வயதில் பஞ்சாபகேசன் ஓடும் ஜட்கா வண்டியின் பின்னால் தொற்றி..."]

மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை முறை வண்டியில் ஏற்றினாலும் கீழே இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஓரமாக நடந்துபோகிறார். அவர் வாழ்க்கையில் ஒரு துணிச்சலும் செய்ததில்லை. நீச்சல் தெரியாது. படித்துறையில் மூன்றாவது படிக்குக் கீழே இறங்கமாட்டார். ஆகவே தனக்குக் கொஞ்சமும் தெரியாத ஒன்றைத்தான் அவர் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான அப்பாக்களின் நிலைமை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

(இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரியவர்களைப் போல மட்டமான கதாசிரியர்கள் கிடையாது. பிள்ளை வர அரைமணி தாமதமானால் போதும், எல்லோரும் ஒரே முடிவைத்தான் மனசுக்குள் எழுதுகிறார்கள். அந்த முடிவை நானும் ஒருதடவை எழுதி, வாசித்து, கிழித்துப்போட்டேன். விஜயம் சாகமாட்டாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாகப் படியுங்கள்.)

4

அவர் மெமோ எழுதினார். வேறென்ன செய்வார்?

"விஜயம் அறியவும். வெள்ளிக்கிழமை மாலை கரமனைப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது ஏன் என்பதற்குச் சனிக்கிழமை மாலைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். தமிழில் எழுதவும், அம்மாவும் வாசிக்க வேண்டும்."

"விழுந்தது" என்பதைக் கவனியுங்கள். சேஷன் தெளிவாகச் சொன்ன பிறகும் ஹெட் கிளார்க் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார். கால் வழுக்கி விழுந்தேன் என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும், குற்றம் விபத்தாகிவிடும், அனந்தலக்ஷ்மி நாலு நாள் எண்ணெய் தேய்த்துவிட்டுக் காலேஜுக்கு அனுப்பிவிடுவாள். பெண் தப்பித்துப் போக அவர் திறந்துவைத்த கதவு அது. அன்பை அவருக்கு இப்படித்தான் காட்டத் தெரியும்.

பதில் வந்தது.

"1. குதித்தது உண்மை. விழவில்லை.

2. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் மணல் வள்ளக்காரர்களின் மூங்கில் கழி முழுதும் முங்குகிறது. ஒரு மாதம் பார்த்த பிறகே இடத்தைத் தீர்மானித்தேன்.

3. ஏன் என்றால், பாலத்தில் போகும்போதெல்லாம் குதிக்கலாம் என்று தோன்றும். தோன்றித் தோன்றி, குதிக்காமல் வீட்டுக்கு வருவது கஷ்டமாயிருந்தது. குதித்த பிறகு சந்தோஷமாயிருந்தது. இதை எழுதும்போதும் சந்தோஷமாயிருக்கிறது. இதற்குத் தண்டனை உண்டானால் தரவும்.

4. [அடித்தது: பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு வள்ளம் வந்ததை நான்] வேறொன்றும் இல்லை."

பஞ்சாபகேசன் காகிதத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடித்த வரிகளை வாசிப்பதில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அடிக்காத வரியில் மனிதர்கள் காட்ட விரும்புவது இருக்கும், அடித்த வரியில் நடந்தது இருக்கும். அவள் குதிக்கும் நேரத்தில் கீழே ஒரு படகு வந்திருக்கிறது.

அனந்தலக்ஷ்மி எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள். "ஒரு மன்னிப்பு இருக்கா இதுல? சந்தோஷமாம்."

"ஆழம் பார்த்துட்டுத்தான் குதிச்சேங்கறாளே."

"நீங்கோ பார்த்தேளா?"

அவர் பார்க்கவில்லை. அதுதான் நியாயமான கேள்வி.

5

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆற்றில் குளித்துவிட்டு வருகிறேன் என்று பஞ்சாபகேசன் கிளம்பினார். கையிலிருந்த காய்கறிப் பையில் கிணற்றுக் கயிறும், அம்மிக் குழவியும், ஆபீஸ் நாடா ஒரு சுருளும் இருந்தன. ஆழம் பார்க்கக் கனமாக ஒரு பொருள் வேண்டும். வீட்டில் அவர் தூக்கக்கூடிய கனமான பொருள் குழவிதான்.

பாலத்தின் நடுவில் நின்று குழவியை நாடாவால் கயிற்றோடு பிணைத்து, முடிச்சுப் போட்டார். எந்த முடிச்சு என்று நான் சொல்லவேண்டியதில்லை. கயிற்றை மெல்லக் கீழே விட்டார். பூணூலும் கண்ணாடியுமாக ஒருவர் ஆற்றில் குழவியைத் தொங்கவிடுவதைப் பார்த்துப் போகிறவர்கள் நடையைத் தளர்த்தினார்கள். அதில் லீலாபாயும் இருந்தாள். விஜயத்தோடு படிக்கிறவள், நாகர்கோவில் பக்கத்துப் பெண், கரமனையில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். கையில் வேதப்புத்தகத்தோடு சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"சார், அங்ஙன இல்ல. அந்தப் பக்கம் பாறையாக்கும். மூணாவது தூணுக்கு வாருங்க."

அவர் கயிற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். "நீ பார்த்துண்டு இருந்தியாம்மா, அன்னிக்கு?"

"இருந்தேன் சார்." அவள் சற்றுத் தயங்கினாள். "புதன்கிழமையும் அவ சொவருல ஏறினா. அன்னைக்கு யாரும் இல்ல. கொஞ்சம் நேரம் நின்னுட்டு இறங்கிட்டா. எனக்க கிட்ட மட்டும் சொன்னா. வெள்ளிக்கிழமை நாங்க நாலுபேரு நின்னோம். நாங்க நின்னா அவளுக்கு ஒரு ஆளு பெலம் கூடும் சார்."

"வள்ளம்?"

லீலாபாய் தலையைக் குனிந்துகொண்டாள். "பாலத்துக்கு அடியில இருந்துல்லா வந்தது. நாங்க எல்லாரும் அவளையே பாத்துட்டு நின்னோம். பின்னால ஆத்த யாரும் பாக்கல."

குழவி அடியைத் தொட்டது. பஞ்சாபகேசன் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

முடிச்சு, அது எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்தது. கயிறு மட்டும் லேசாக மேலே வந்தது.

நனைந்த பாகத்தை அவர் முழம் போட்டார். பத்து முழம். பெண் சொன்னது சரி. பிறகு வெறும் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். வீட்டில் குழவிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவருக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. நாலுபேர் பார்த்தால் தைரியம் வரும் என்றால் வரட்டும். அந்த நாலுபேரில் ஒருவர் மட்டும் வேறு பக்கம் பார்த்தால் என்ன?

[இங்கே இளமை, தோழமை, துணிச்சல் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வந்துவிட்டதால் எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. போகட்டும்.]

6

வீட்டில் அனந்தலக்ஷ்மி தேங்காய், மிளகாய், புளி எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு அம்மி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"குழவி எங்கே?"

"ஆத்துல."

"எந்த ஆத்துல? பக்கத்தாத்துலயா?"

"கரமனை ஆத்துல. மூணாவது தூண்கிட்ட. பத்து முழம்." முழு விவரமும் சொன்னார். ஹெட் கிளார்க் எதையும் மறைத்தெழுதமாட்டார்.

விஜயம் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடங்கவில்லை. அனந்தலக்ஷ்மி அவளை முறைத்தாள். கணவரை முறைத்தாள். காலி அம்மியைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்து, கண்ணில் நீர் வந்து, தேங்காயைக் கீழே வைத்துவிட்டாள்.

சிரித்து ஓய்ந்ததும் நிலைமை விளங்கியது. குழவி இல்லாமல் அரைக்க முடியாது. பக்கத்து வீட்டில் இரவல் கேட்டால், உங்கள் குழவி எங்கே என்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை விவகாரமும் கூடவே வரும்.

"அப்போ யார் இறங்கறது?" என்றாள் அனந்தலக்ஷ்மி. பஞ்சாபகேசன் தன் மூன்றாவது படியை நினைத்துக்கொண்டார். அவள் பெண்ணிடம் திரும்பினாள். "படித்துறை வழியா இறங்கிப் போய் எடுத்துண்டு வா."

"நடு ஆத்துல ஒழுக்கு இழுக்கும் அம்மா. மேலேருந்து குதிச்சாத்தான் நேரே அடிக்குப் போகலாம்."

(இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எனக்கும் நீச்சல் வராது. விஜயத்தின் முகத்தைப் பார்த்தால் பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது.)

அனந்தலக்ஷ்மி தேங்காயையும் புளியையும் எடுத்து மூடிவைத்தாள். "நானும் வரேன்," என்றாள்.

பஞ்சாபகேசன் அந்த விளக்கக் காகிதத்தை எடுத்து, கீழே ஆர்டர் எழுதினார்:

"விளக்கம் வாசிக்கப்பட்டது. அடித்த வரியும் வாசிக்கப்பட்டது. ஆழம் சரி. இனி குதிக்கும் பட்சத்தில், ஆறு வரும் பக்கத்தில் ஒருவர் நின்று வள்ளம் இல்லை என்று சொன்ன பிறகே குதிக்க வேண்டும். அந்த ஒருவர்: தகப்பனார். காலேஜ் விஷயம்:"

அந்த இடத்தைக் காலியாக விட்டு, காகிதத்தை மனைவியிடம் நீட்டினார். அவள் பென்சிலை வாங்கினாள். "குழவி வரட்டும், எழுதறேன்," என்றாள். ஆனால் பெண்ணின் திங்கட்கிழமைத் தாவணியைக் காலையிலேயே துவைத்து, கொடியில் தன் முடிச்சைப் போட்டு உலர்த்தியிருந்தாள். அதை நான் பார்த்தேன்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. அவள் குதித்து, குழவியோடு மேலே வருவது ஒன்று. குழவி கிடைக்காமல் புதுக் குழவி வாங்கி, அது அந்த அம்மிக்கு என்றைக்கும் பொருந்தாமல் போவது இன்னொன்று. சுவர் மேல் ஏறிய விஜயம், அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, இறங்கிப் படித்துறை வழியாகவே போவது மூன்றாவது. மூன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. எதையும் எழுதப் போவதில்லை.

பாலம் மட்டும் என் பொறுப்பு, அதைச் சொல்கிறேன். நல்ல வெயில். விஜயம் கைப்பிடிச் சுவர் மேல் நிற்கிறாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்திருக்கிறாள், விடப்போகிறாள், இன்னும் விடவில்லை. கரையில் சர்ச்சிலிருந்து திரும்பிய லீலாபாய். எதிர்ப்பக்கத்துச் சுவரில் சாய்ந்து பஞ்சாபகேசன் ஆறு வரும் பக்கத்தைக் கண் கொட்டாமல் பார்க்கிறார். "வள்ளம் இல்லே," என்று ஒருதரம் சொன்னார். "இப்பவும் இல்லே," என்று இன்னொருதரம் சொன்னார்.

விஜயம் கைகளை விரித்தாள்.

அவர் திரும்பிவிட்டார். ஆர்டரில் அதற்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் பெற்ற பெண் அந்த உயரத்தில் அவ்வளவு சந்தோஷமாக நிற்கும்போது எந்த அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்? அவர் வாய் பிளந்து அவளையே பார்க்கிறார். நானும் அவளையேதான் பார்க்கிறேன்.

ஆகவே அந்தப் பக்கத்துச் சுவரில் இப்போது ஆள் இல்லை. நீங்கள் போய் நில்லுங்கள். இங்கே திரும்பாதீர்கள். வள்ளம் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவள் காத்திருக்கிறாள்.