முக்கால் அடி இடுக்கில் ஒரு குடும்பம்

1975-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மட்டாஞ்சேரி சுக்குச் சந்தில், மாயம்மாள் வீட்டுக்கும் ஷரீஃபா வீட்டுக்கும் நடுவிலிருந்த முக்கால் அடி இடுக்கில், மாதம் நூற்று அறுபத்து மூன்று ரூபாய் வருமானமுள்ள ஒரு குடும்பம் குடியேறியது. குடிவைத்தவர் எர்ணாகுளத்திலிருந்து கணக்கெடுக்க வந்த வெங்கிடாசலம். சந்தின் நடு வருமானம் நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் ஒரு குடிநீர்க் குழாய் கிடைக்கும் என்பது அப்போதைய உத்தரவு. அடுப்புக்கு ஒரு குடும்பம் என்று எண்ணி, குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தையே சந்து முழுவதற்கும் எழுதுவது அவர் முறை. சுக்கு சுரண்டும் பெண்களும் மூட்டை தூக்கும் ஆண்களுமாக அங்கே இருபத்தொன்பது குடும்பங்கள். அதோடு விட்டிருந்தால் பதினைந்தாவதான மாயம்மாளின் நூற்று நாற்பத்திரண்டு நடுவாகியிருக்கும், குழாயும் வந்திருக்கும். ஆனால் சந்து முனையில் சொந்தக் கிணற்றோடு இருந்த கோடவுன் முதலாளியின் பங்களாவையும் மனிதர் சேர்த்துக்கொண்டார். முப்பதுக்கு நடு ஏது? பதினைந்தாவது மாயம்மாள், பதினாறாவது நூற்று எண்பத்து நான்கு வாங்கும் ஷரீஃபா. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, இருவருக்கும் நடுவில் இல்லாத ஒரு குடும்பத்தின் வருமானத்தை எழுதிவிட்டார். குழாய் கிடையாது என்றானது.

"சாரே, அந்த எடுக்குல பூனையே ஒடம்ப ஒடுக்கிட்டுத்தான் போவும். அங்க யாரு இருக்கா? கூட்டிட்டு வாங்க பாப்போம்" என்று மாயம்மாள் வழியை மறித்துக் கேட்டாள்.

"நான் என்ன பண்ணட்டும்? கணக்கு அப்படி வரதே" என்றார் வெங்கிடாசலம்.

மறுநாளே இடுக்கிலிருந்து மத்தி வறுக்கும் வாசனை வந்தது. அதன் பிறகு வெங்கிடாசலம் எட்டிப்பார்க்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆண்டுக்கு எட்டு சதவீதம் கூட்டிக்கொண்டே போனார். இடுக்குக் குடும்பமும் அதற்கேற்ப செழித்தது. 1977-இல் ரேடியோ பாடியது. 1979-இல் குக்கர் விசிலடித்தது. 1980-இல் சுவருக்குள் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதைத்தான் மாயம்மாளால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் லாரி வராத நாட்களில், வெறுங்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? உலக்கையால் சுவரை இடிப்பாள். உள்ளே மரியாதையாக ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார்கள். அந்த மரியாதை அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது.

1983-இல் வரம்பை முந்நூறாக உயர்த்தினார்கள். இடுக்குக் குடும்பம் அதற்குள் முந்நூற்று இரண்டைத் தொட்டிருந்தது. அடுத்த மாதம் வெங்கிடாசலம் நேரில் வந்து புதிதாகக் கணக்கெடுக்கப்போகிறார் என்று ஷரீஃபா செய்தி கொண்டுவந்தாள். அன்று லாரிக்காக வரிசையில் நின்ற குடங்களை மாயம்மாள் வருமானப்படி மாற்றி வைத்தாள். சந்தில் யார் என்ன வாங்குகிறார்கள் என்பது யாருக்குத் தெரியாது? "எடத்த மாத்தாதடி, ஒனக்குக் கிறுக்கா?" என்று ஆவுடையம்மாள் கத்தினாள். மாயம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பங்களாவுக்காகக் கடைசியில் ஒரு கல்லை வைத்தாள். முப்பது. நடுவில் வெறும் தரை. பிறகு தன் குடத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் பாதி வருமானத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னச் செம்புகளை வரிசையின் தொடக்கத்தில் வைத்தாள். முப்பத்தொன்று. நடு, மாயம்மாளுக்கு முந்தைய இடத்திலிருந்த ஆவுடையம்மாள் குடத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. ஆவுடையம்மாள் வீட்டு வருமானம் இருநூற்று எழுபத்தாறு.

வீட்டுக்குப் போய், மூட்டை தூக்கிவிட்டு வந்து படுத்திருந்த கணவன் பிச்சையை எழுப்பி, இனி உனக்கு ஒரு அடுப்பு, எனக்கு ஒரு அடுப்பு என்றாள்.

"பொண்டாட்டி தள்ளி வச்சிட்டான்னு நாலு பேரு நெனைக்க மாட்டாங்களா?"

"நெனைக்கட்டும். அவங்க நெனச்சா தண்ணி வருமா?"

வெங்கிடாசலம் இரண்டு அடுப்பையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சுட்டன. பிச்சையின் கஞ்சி அடிப்பிடித்திருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அன்று சாயங்காலம் இடுக்கில் ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. நான்காம் மாதம் சந்தின் நடுவில் குழாய் போட்டார்கள். ஆனால் அடுப்புகள் மறுபடி ஒன்றாகவில்லை; ஒன்றானால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். ஒரு குழாய்க்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஆயுசுக்கும் ஒரு பானைச் சோறு தின்னக்கூடாதா என்று மாயம்மாள் போகிற வருகிற அதிகாரிகளையெல்லாம் திட்டினாள்.

தண்ணீர் வந்த முதல் நாள், பலகை மாதிரி மெலிந்த ஒரு பெண் எவர்சில்வர் குடத்தோடு இடுக்கிலிருந்து பக்கவாட்டில் நடந்து வந்தாள். "எங்க வீட்டுக் குழாய் நின்னு போச்சு சேச்சி" என்றாள்.

சந்தே மாயம்மாளைப் பார்த்தது.

"எட்டு வருசம் எங்க தண்ணியக் குடிச்சேல்ல? போ, கடைசில நில்லுடி."

அவள் போய்க் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது தண்ணீர் நூலாகிவிட்டது. மாயம்மாள் திட்டிக்கொண்டே அந்தக் குடம் நிறையும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று முதல் சுக்குச் சந்துக் குழாயடியில் முப்பத்தொரு குடம்.