அன்ஸார் விட்ட தண்ணீர்

றேடியேட்டரின் கீழ்க் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டபோது வீரகத்திக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. குறட்டால் பிடித்து இழுத்தார். தண்ணீர் ஓடும் வழியை அடைத்துக்கொண்டு, துருவில் ஊறிக் கிடந்த துணிச் சுருள் ஒன்று வந்தது. விரித்துப் பார்க்கவே தேவையில்லை. இடுப்பில் கட்டிப் பழசான, பச்சைக் கோடு போட்ட அந்தச் சாறத்தைப் போன மாதம் அவரேதான் கிழித்துக் கார் திருத்தும் தன் கராச்சுக்குக் கைத்துணியாக்கியவர். அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

அந்த ஒஸ்ரின் காரை ஜெமீல் முதலாளி மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கி வந்திருந்தார். குளிருக்குச் சூடு தரும் பெட்டியொன்று அதற்குள் இருந்தது. எஞ்சினின் சுடுதண்ணீர் குழாய் வழியே அந்தப் பெட்டிக்குள் ஓடித் திரும்பும். அது ஒழுகி, முன்சீட்டில் இருப்பவரின் காலை நனைத்தது. "எங்கட தண்ணீரூற்று ஊரில அடிக்கிற வெயில் போதாதெண்டே இதையும் வைச்சிருக்கிறியள் முதலாளி? கழட்டி எறிவம்" என்று நக்கலடித்துக் கழற்றியவர் வீரகத்திதான். குழாய்கள் பிரிந்து கிடக்கும்போது மண்ணும் பூச்சியும் போகாமல் வாய்களில் துணி அடைப்பது அவர் வழக்கம். பூட்டும்போது மற்றத் துணிகளை எடுத்தார், இந்த ஒன்றை மறந்துபோனார். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் பூட்டுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவர், அன்றைக்கு மெய்யாகவே அப்படித்தான் பூட்டியிருக்கிறார்.

மறுநாளே கார் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. உள்ளே ஜெமீலின் தாய் ஹவ்வா உம்மா. ஓட்டியவன் ஜெமீலின் தங்கை றாபியாவின் புருஷன் அன்ஸார். நெடுங்கேணிக்கு இந்தப் பக்கமே எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. உச்சி வெயிலில் மூன்று மணித்தியாலம் உம்மா றோட்டோரம் இருந்தா. பிறகு ஒரு லொறி காரையும் அவர்களையும் இழுத்துக்கொண்டு கராச்சுக்கு வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆவியாய்ப் போன தண்ணீருக்கு யார் சாட்சி?

"விடிய நிறைய விட்டனான் மச்சான்" என்றான் அன்ஸார்.

ஜெமீல் வீரகத்தியைப் பார்த்தார். வீரகத்தி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தண்ணி விடாட்டித்தான் இப்பிடி வரும்" என்று தீர்ப்புச் சொன்னார். அத்தனை பேருக்கும் முன்னால் ஜெமீல் கையை நீட்ட, அன்ஸார் கார் ஸ்டார்ட் பண்ணும் திறப்பைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். துணி அகப்பட்டது அதற்கு அடுத்த நாள்.

அதை அடுப்பில் போட்டு எரித்தார். கொதிப்பில் வளைந்துபோன எஞ்சின் தகட்டைத் தட்டையாக்கி, எஞ்சினைத் திரும்பப் பூட்ட நாலு நாள் எடுத்தது. நாலு நாளும் நாளைக்குச் சொல்லுவம் என்றே இருந்தார். ஆனால் ஜெமீல் வந்து, "நல்ல காலம் நீங்க இருக்கிறீங்க" என்று சொல்லும்போதெல்லாம் வாய் ஒட்டிக்கொண்டது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சோற்றில் கை வைக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் அன்ஸார் சைக்கிளில் வந்து இறங்கினான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வாத்தியாரிடம் அடி வாங்க வந்தவன் மாதிரி நின்றான்.

"மச்சான் அனுப்பினவர். உங்களுக்கு முன்னால தண்ணி விட்டுக் காட்டிப்போட்டுத்தான் திறப்பைத் தொடவேணுமாம்."

வீரகத்தி வாளியைக் காட்டினார். அன்ஸார் கிணற்றில் அள்ளி வந்து, சிந்தாமல் மெல்ல மெல்ல ஊற்றினான். கழுத்துவரை நிரம்பியதும், "சரியோ அண்ணை?" என்றான்.

இனியும் பொறுக்க முடியாது என்று வீரகத்திக்குப் பட்டது. "அன்ஸார், அண்டைக்கும் நீர் தண்ணி விட்டனீர்தான். எனக்குத் தெரியும்."

அன்ஸார் சிரித்தான். "நீங்க நல்ல மனிசன் அண்ணை. என்னைத் தேற்றச் சொல்லுறீங்க. றாபியாவும் உப்பிடித்தான் சொல்லுறா." மூடியைத் திருகினான். "முதல்ல எனக்கும் நிச்சயமாத்தான் கிடந்தது. வாளி தூக்கினது, ஊத்தினது எல்லாம் கண்ணுக்குள்ள நிண்டது. இப்ப யோசிச்சா, அது அதுக்கு முதல் நாளோ எண்டு கிடக்கு. நான் விடேல்லைப் போல. உம்மாவை வெயிலுக்க இருத்திப்போட்டன்."

நல்ல மனிசன். செருப்பால் அடித்திருந்தால்கூட வீரகத்திக்கு இவ்வளவு நொந்திருக்காது. துணி என்ற ஒரு சொல்தான் பாக்கி. கண்ணை நிமிர்த்த முடியாமல் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

அன்ஸார் சுற்றிப் போய்க் கார்க் கதவைத் திறந்தான். ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி ஏதோ யோசித்து நின்றவன், திரும்பி வந்து மூடியை மறுபடி திருகி எடுத்தான். குனிந்து பார்த்தான். அதுவும் போதாமல் விரலை உள்ளே விட்டு எடுத்து, தண்ணீர் சொட்டும் அந்த விரலை வீரகத்தியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இருக்குத்தானே அண்ணை?"