சைக்கிளில் ஏறிய குதிரைக்காரர்

ஜூன் பாதி ஓடிவிட்டது. ஊரார் குதிரைகளெல்லாம் மலை மேய்ச்சலுக்கு ஏறியாயிற்று. சகின்பெக்கின் பதினாறு பெட்டைக் குதிரைகள் மட்டும் நாரின் என்னும் ஊரின் கோடியில் காய்ந்த புல்லை மென்றுகொண்டு நின்றன. அவரைப் போகவிடாமல் மறித்து நின்றது வேறு யாருமல்ல, கட்டிய மனைவி புருல்சாதான்.

ஆனால் வினையை வரவழைத்தது மனிதரேதான். ரத்த அழுத்தக்காரர், மாத்திரை சாப்பிடுகிறவர். தன் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறதென்று பெண்டாட்டிக்குக் காட்ட, அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஓடி ஏறினார். மூச்சு இரைக்க இரைக்கக் கையில் பட்டையைச் சுற்றினார். இருநூறு! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதென்றால் இதுதான். டாக்டர் சரியென்று சொல்லாமல் மலைப்பக்கம் தலைவைக்கக் கூடாதென்று புருல்சா ஒரே பிடியாக நின்றாள்.

அதனால்தான் இன்று ஆஸ்பத்திரியில், நெஞ்சில் ஒயர்களும் கையில் பட்டையுமாக, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள்மீது அவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்திரண்டு வயதில் முதல் சைக்கிள். உட்காரும் முன் அளந்தபோது நூற்று நாற்பத்தெட்டு.

"மெதுவா மிதிங்கண்ணே" என்றாள் டாக்டர் மீரிம்.

இரண்டே நிமிடத்தில் இருநூற்றைந்து. டாக்டர் நிறுத்தச் சொன்னாள்.

"பாத்தியா கிழவா? நான் சொன்னேன்ல?" என்றாள் புருல்சா. சொன்னாளே தவிர, அவள் முகமும் வெளுத்துப்போயிற்று.

இந்தக் கோடை போயிற்று, இனி எல்லாக் கோடையும் போயிற்று என்று சகின்பெக் நினைத்தார். டாக்டரோ அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் பிடியை அவர் இன்னும் விடவில்லை. விரல் முட்டியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அண்ணே, மூச்சு விட்டீங்களா?"

"புதுக் குதிரைமேல ஏறினதும் எவன்மா மூச்சு விடுவான்?"

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இது எங்கயும் பிச்சுக்கிட்டு ஓடாதுண்ணே. கையை இறுக்கி மூச்சை அடக்கினா அழுத்தம் எகிறத்தான் செய்யும். ஆற உக்காருங்க, மறுபடி பாப்போம்."

இரண்டாம் தடவை கையைத் தளர்த்தி, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு மிதித்தார். நூற்று ஐம்பத்தைந்து, நூற்று அறுபத்தெட்டு, நூற்று எண்பது என்று நிதானமாக ஏறியது. இறங்கிக் கால்மணி நேரம் கழித்து அளந்தால், நூற்று முப்பத்தாறு.

"வந்தப்ப இருந்ததவிடக் குறைச்சலா?" புருல்சாவால் நம்ப முடியவில்லை.

"ஆமாக்கா. மிதிக்கும்போது ஏறணும், அதுதான் முறை. உழைச்சு ஓய்ஞ்ச உடம்புல கொஞ்ச நேரம் இறங்கிக் கிடக்கும். மூச்சு வாங்கும்போது அளந்துட்டு அலறாதீங்க. அண்ணே, மலைக்குப் போங்க. மாத்திரைய விடாதீங்க, உப்பக் குறைங்க, காலையும் சாயங்காலமும் அளந்து எழுதுங்க. தனியா மட்டும் வேணாம்."

சகின்பெக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. "மலையில பக்கத்துக் கூடாரத்துல குபாத் இருக்கான், அவன் பாத்துக்குவான்."

"யாரு, அவனா? குமிஸ், அந்தக் குதிரைப்பால் கள்ளு, உள்ள போனா தன் தலை எங்க இருக்குன்னே தேடுவான்!" என்றாள் புருல்சா.

"அப்ப வேற யாரு இருக்கா?"

புருல்சா அவர் பக்கம் திரும்பினாள். "ஒம்பது கோடையா மலைக்குப் போற" என்றாள். "நீயும் வாடின்னு ஒரு தடவை கேட்டிருப்பியா?"

"உனக்கு முழங்கால் வலி. வீடு, தோட்டம்னு கிடக்குற. வரமாட்டேன்னு நினைச்சேன்."

"கூப்பிடமாட்டேன்னு நான் நினைச்சேன்."

அவருக்கு வெட்கமாகப் போயிற்று. ஒன்பது கோடையாகக் குதிரைகளிடம் வாய் ஓயாமல் பேசியவர், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் இருப்பதையும் பார்க்காமல் சொன்னார்:

"வா கிழவி. நீ இல்லாம அங்க எனக்கு நல்லாவே இல்ல."

புருல்சா தலைத் துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கே கிளம்பலாமா?"