ஒரு வரிசை விளக்கு

மின்சாரம் போனபோது ஸ்வாவா தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். தென் ஐஸ்லாந்தில் ஜனவரிப் பொழுது நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கண்ணாடிக்குடிலின் ஆரஞ்சு விளக்குகள் அணைந்ததும் வெளியே பனிப்புயலின் இரைச்சல் பெரிதாகக் கேட்டது.

அவள் கணவன் கெட்டில், மேட்டிலிருக்கும் வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தான். குடிலைச் சூடாக்க அங்கிருந்து வரும் குழாயில் உப்புப் படிந்து வெந்நீர் குறைந்திருந்தது. தட்டிச் சரிசெய்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன். அவன் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் திசைகாட்டி எடுத்துப் போவதில்லை. எந்தப் புயலிலும் குடிலின் வெளிச்சம் பனியில் பட்டு வானமே சிவந்து தெரியும். அதைப் பார்த்து நடந்தால் போதும்.

கெட்டிலின் தம்பி கிரீமுர் ஜெனரேட்டரை முடுக்கி, வெந்நீரைச் சுற்றவிடும் பம்பில் இணைத்தான்.

"அதைக் கழட்டு," என்றாள் ஸ்வாவா. "விளக்குல போடு."

"விளையாடுறியா? இது ரெண்டையும் இழுக்காது. பம்பு நின்னா எல்லாச் செடியும் விறைச்சிடும். கரண்டு போனா முதல்ல பம்புன்னு உன் புருஷன்தான் சொல்லி வச்சிருக்கான்."

"அப்ப அவன் வீட்டுக்குள்ள இருந்தான்."

"அவனுக்கு இந்த மேடு தெரியாதா? கண்ணைக் கட்டி விட்டாலும் காபி வாசனை பிடிச்சு வந்துடுவான்."

"மேட்டுக்கு அந்தாண்ட ஆறு இருக்கு, கிரீமுர்."

அவன் பத்து வரிசைச் செடிகளை ஒருமுறை பார்த்தான். பிறகு பம்பைக் கழற்றி, ஜெனரேட்டர் தாங்கிய ஒரே ஒரு வரிசை விளக்கில் இணைத்தான். மேட்டைப் பார்த்த கடைசி வரிசையில் மட்டும் விளக்குகள் மெல்லச் சூடேறி எரிந்தன.

ஸ்வாவா தேனீப் பெட்டியைத் தூக்கிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள். பூவுக்குப் பூ மகரந்தம் சேர்க்க வாங்கிய குண்டுத் தேனீக்கள். இரண்டு பேரும் விளக்கின் கீழே நின்றார்கள். குழாய்கள் வெதுவெதுப்பை இழந்து, தொட்டால் சில்லென்றன. தூரத்து வரிசைகளில் இலைகள் தொங்கத் தொடங்கின.

"நான் போய்ப் பாக்கட்டுமா?" என்றான் கிரீமுர்.

"வேணாம். உன்னையும் சேத்துத் தேட முடியாது."

கண்ணாடியின் உட்புறம் பனி பூத்துவிட்டது. ஸ்வாவா விளக்கு வரிசை நெடுக நடந்து அதைச் சுரண்டி எடுத்தாள். முடித்ததும் முதலிலிருந்து தொடங்கினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கெட்டிலின் தாடி முழுக்கப் பனிக்கட்டி. அவன் கை முதலில் குழாயைத்தான் தொட்டது.

"பம்பை நிறுத்திட்டீங்களா?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றாள் ஸ்வாவா.

அவன் செடிகளைப் பார்த்தான். கவிழ்த்து வைத்த கூடை மேல் உட்கார்ந்தான். 

"வீட்டைப் பாத்து நடக்கிறதாதான் நெனச்சேன். வெளிச்சம் முதுகுப் பக்கம் தெரிஞ்சுது. காலுக்குக் கீழ ஆத்துத் தண்ணிச் சத்தம்."

கிரீமுர் பம்பை மறுபடி இணைத்தான். ஆறிப்போன தண்ணீர்தான் முதலில் வந்தது.

காலையில் மின்சாரம் வந்தது. ஒன்பது வரிசையும் கறுத்து, வெந்த கீரைபோலக் கயிறுகளில் தொங்கின. விளக்கின் சூட்டில் நின்ற வரிசை மட்டும் பச்சையாக இருந்தது. கிரீமுர் கத்தியை எடுத்துக்கொண்டு செத்த வரிசைகளை அறுக்கப் போனான். கெட்டில் தேனீப் பெட்டியைக் கொண்டுவந்து பச்சை வரிசையின் நடுவில் வைத்து, அதன் வாயைத் திறந்தான். ஸ்வாவா பக்கத்தில் வந்து நின்றாள். முதல் தேனீ வெளியே வரும்வரை இருவரும் அசையவில்லை.