இடது கன்னம்

தம்பி செத்து இரண்டு வருடம் கழித்து அவன் முகத்தைச் செய்ய உட்கார்ந்தேன்.

எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிகளுக்குத் திருகு மாட்டுவது என் வேலை. திருகு கீழே விழுந்தால் அதைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டுவேன். அப்படிப்பட்டவள் கட்டைவிரல் அளவு பொம்மைத் தலையில் ஆள் முகம் செதுக்கக் கிளம்பியதற்குக் காரணம் அவன் மகள்.

"அத்தை, எனக்கு அப்பா மொகம் மறந்துட்டே வருது" என்றாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில். ஏழு வயது. போட்டோவைக் காட்டினேன். "இது போட்டோ. கையில புடிச்சுக்கிற மாதிரி வேணும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் புதிதில்லை.

சண்டைவீரன் பொம்மை ஒன்றை வாங்கி, அதன் மூக்கையும் முடியையும் சுரண்டி எடுத்தேன். களிமண் மாதிரி இரண்டு நிறத்தில் வரும் எபாக்சி புட்டியைச் சமமாகப் பிசைந்து அதன்மேல் அப்ப வேண்டும். ஒரு மணி நேரம் அது சொன்ன பேச்சைக் கேட்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிவிடும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகும் என்பார்கள். எனக்குக் குரங்குகூட வரவில்லை. மூன்றாவது முயற்சியில், ஒரு காலையில், மூக்கு வந்தது. அவன் மூக்கு. அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் பூட்டைத் திறந்து வந்து பார்த்தால் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஒன்பது. நான் வரைந்த ராணிக்கு அவன் மீசை வைத்தான். ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி எறிந்தேன். மூடியின் விளிம்பு கிழித்தது. "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னான். கட்டிக்கொண்டவளிடமும் அதையேதான் சொன்னான். போட்டோ எடுத்தால் வலது கன்னத்தைத்தான் திருப்புவான். நானும் உண்மையைச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு உதவியவனே அவன்தான்.

கோட்டைப் புட்டியால் நிரப்பி வழித்தேன். அது காயும்வரை யார் காத்திருப்பது? உடனே வலது காதைச் செய்யத் தொடங்கினேன். மறுநாள் அதே இடத்தில் அதே கோடு.

பொம்மை செய்பவர்களின் குழுவில் படம் போட்டேன். மொட்டைத் தலைகள் விற்பதால் 'மொட்டை' என்று பெயர் வாங்கிய ஒருவர் குரல்பதிவில் பதில் அனுப்பினார். "பயந்துட்டீங்களா? பேயெல்லாம் இல்லீங்க, உங்க கட்டைவெரல் நகம். அந்தப் பக்கம் வேலை பாக்கும்போது இந்தப் பக்கத்தை அழுத்திப் புடிச்சிருப்பீங்க. புதுசா பண்ற எல்லாரும் பண்றதுதான். ஒரு பக்கம் காஞ்சப்புறம் அடுத்த பக்கத்துக்குப் போங்க."

சிரிப்பு வந்தது. நகங்களைச் சதையொட்ட வெட்டினேன். கன்னத்தை மீண்டும் நிரப்பி, தலையைக் குச்சியில் குத்தி டம்ளரில் நிறுத்திவிட்டு, தொடாமல் வேலைக்குப் போனேன்.

மாலையிலும் கோடு இருந்தது. கொஞ்சம் மெலிதாக. காயும்போது சுருங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சொன்னது வாய்தான், நெஞ்சு கேட்கவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்றே?" என்று அந்தத் தலையிடம் கேட்டேன். நாற்பது வயதுக்காரி பொம்மையிடம் கேட்கிற கேள்வி. பிறகு உப்புத்தாளை எடுத்து, கன்னம் வழவழப்பாகும்வரை தேய்த்தேன். சாயம் பூசினேன். எனக்குப் பயம் அவனைப் பார்த்து இல்லை, அந்தக் கோட்டைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை பொம்மையைப் பார்த்ததும் தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படியே அவருதான், அண்ணி."

குழந்தை பொம்மையை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலால் இடது கன்னத்தைத் தடவினாள். இரண்டு முறை தடவினாள். மேசையில் வைத்துவிட்டாள்.

"நல்லாருக்கு. ஆனா அப்பா இல்ல."

"ஏன்டா கண்ணு?"

"இங்க கோடு இல்ல. நான் அதைத் தொட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன். கதவுல இடிச்ச கோடு."

முகத்தை மறந்தவளின் விரல் மட்டும் மறக்கவில்லை. அந்த ஒன்றைத்தான் நான் தேய்த்து எடுத்திருந்தேன்.

"கதவு இல்லம்மா" என்றேன். தம்பி மனைவி என்னைப் பார்ப்பது தெரிந்தது. "நான்தான். கோவத்துல பாக்ஸைத் தூக்கி எறிஞ்சேன்."

"தெரியும்" என்றாள் குழந்தை. "அப்பா சொன்னாரு. ஆனா யாரு கேட்டாலும் கதவுன்னுதான் சொல்லணும்னாரு."

சின்ன ரிப்பேருக்கென்று பையில் புட்டி வைத்திருந்தேன். பிசைந்து, கன்னத்தில் மெலிதாக அப்பினேன். கட்டைவிரலை வைத்த பிறகுதான் எனக்கு நகம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"நான் வைக்கிறேன்" என்றாள். புட்டி ஒட்டாமலிருக்க அவள் விரலைத் தண்ணீரில் நனைத்துவிட்டேன். மீண்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெதுவாடா. அப்பாவுக்கு வலிக்கும்."

"வலிக்கலையாம் அத்தை. அன்னைக்கு நீங்கதான் அழுதீங்களாம்."

அவள் நகம் சரியான இடத்தில் இறங்கியது.