தண்ணீர் இறங்காத குழி

காலையில் ஊற்றிய ஒரு குடம் தண்ணீர், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் குழியில் அப்படியே நிற்கிறது, அதில் வானமும் மயிலாத்தாளின் முகமும் அசையாமல் கிடக்கின்றன, ஒன்றரை அடி தோண்டிய மண் ஒரு குடத்தைக் குடிக்காதா என்று அவள் குந்தி உட்கார்ந்து பார்க்கிறாள், நந்தியாவட்டைச் செடிகள் மூன்றும் நர்சரிப் பையோடு சுவரோரம் காத்திருக்கின்றன, இதே இடத்தில்தான் செம்பருத்தி செத்தது, அதற்குமுன் அரளி, அரளிகூடவா சாகும், அதற்கும் முன்னால் புதுவீட்டில் அவள் ஆசையாய் வைத்த இட்லிப்பூ, இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்று கருகியபோது அவள் புருஷன் நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே சொன்னார், உன்ற கைக்கு ராசியில்ல புள்ள, வுட்டுரு. சொன்னவர் மறந்திருப்பார், அவளுக்குப் பத்தொன்பது வருஷமாய் அது நெஞ்சில் முள், மகள் கல்யாணத்தில் முளைப்பாலிகைக்கு விதை தெளிக்கக் கூப்பிட்டார்கள், கை வலிக்குதுங்க என்று பொய் சொல்லிவிட்டு மண்டபத்துச் சமையல்கட்டில் போய் நின்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் கையில், செடி சாகும்போதெல்லாம் கையைப் பார்த்தவள் ஒருநாளும் மண்ணைப் பார்த்ததில்லை, அதனால்தான் இந்தத் தடவை செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து மண்ணை ஆறப்போட்ட பிறகே செடி என்று இறங்கியிருக்கிறாள்.

தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுக் கடப்பாரையைப் போட்டாள், ணங், மண்ணில் இந்தச் சத்தம் வராதே, கையால் துழாவினால் வழவழவென்று போய்க்கொண்டே இருக்கிறது, இந்த வழவழப்பில் மண்வெட்டி உரசும் சத்தம் அவளுக்குத் தெரியும், வீடு கட்டும்போது இங்கேதான் கொத்தனார் ஆட்கள் தளம் போட்டுக் கலவை குழைக்கிறார்கள், அவள் தூக்குப்போசியில் டீயோடு நிற்கிறாள், தளத்தப் பேத்தரலாங்களா என்று ஒருவர் கேட்கிறார், அதுக்கெல்லாம் நேரமில்லீங்க, நாளானைக்குக் கிரகப்பிரவேசம், மேல மண்ணக் கொட்டி மூடியுடுங்க என்கிறார் நாச்சிமுத்து, அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே கூடமே அல்லவா கோணலாய்க் கிடந்திருக்கிறது.

ஏனுங்க, இங்க வாங்க. பேப்பரை மடித்துக்கொண்டு வந்தவர் குழிக்குள் குனிந்து பார்த்தார், கடப்பாரையால் தட்டிப் பார்த்தார், கலவைத் தளமா புள்ள. ஆமாங்க, நீங்க மூடச் சொன்னது. நிமிராமலே, அப்ப உன்ற கைக்கு நாஞ் சொன்னது, என்று இழுத்தார். மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன். மறக்கல புள்ள, என்று வேட்டியை மடித்துக் கட்டிக் கடப்பாரையை எடுக்க வந்தார், தள்ளுங்க என்றாள், அவளுக்குக் கோபமான கோபம், இத்தனை வருஷக் கோபமும் கைக்கு இறங்கியிருந்தது, ஏழாவது போட்டில் தளம் விண்டது, பத்தாவதில் கடப்பாரை சொதக்கென்று உள்ளே போனது. செடிய எடுத்தாரட்டுமா என்று மெல்லக் கேட்டார். பத்து நாள் மண்ணு ஆறட்டும், மொதல்ல தண்ணி கொண்டாங்க.

அவர் சுமந்துவந்த குடத்தை அவள்தான் வாங்கி ஊற்றினாள், வானமும் அவள் முகமும் ஒரு கணம் குழியில் மிதந்தன, பிறகு தண்ணீர் களக்களக்கென்று சுழன்று இரண்டையும் இழுத்துக்கொண்டு இறங்கியது, அடியில் ஈரமண் மட்டும் மினுங்கியது, அவள் அதில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொரு குடம் கொண்டாங்க என்றாள்.