ஆச்சு என்று சொன்னவர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது நான்தான். என் கைபேசியில் உடல்நலம் பார்க்கும் செயலி ஒன்று, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது. "ஆச்சு" என்றேன். வயிறு காலி. ஒரு இயந்திரத்திடம் எனக்கென்ன மரியாதை? புரியவில்லை. புரியாததால் ஜோவிதா என்று ஒருத்தியைக் கற்பனையில் உண்டாக்கினேன்.

2

அன்று காக்ஸ் டவுனில் மழை பிடித்துக்கொண்டு… (இந்த வரியை அடித்துவிட்டேன். பெங்களூர் என்றாலே மழையா?)

ஜோவிதா, சர்க்கரை நோயாளிகளுக்கான செயலிக்கு வசனம் எழுதுகிறவள். அதில் பேசும் பயிற்சியாளருக்கு நலினி என்று பெயர். முதல் வரைவில் நலினி, "காலை உணவு நேரத்தைப் பதிவு செய்யவும்" என்றாள். சோதனைக்கு வந்தவர்கள் இரண்டே நாளில் ஓடிவிட்டார்கள். ஜோவிதா அதை, "சாப்பிட்டாச்சா?" என்று மாற்றினாள். ஒருவரும் நகரவில்லை, ஆபீசில் கைதட்டினார்கள். "ஆச்சு" என்று பதில் வந்தால் நலினி, "அப்போ மாத்திரையைப் போட்டுடுங்க" என்பாள்.

3

சோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் அவளுடைய தாய்மாமன் சிரில். மனைவி இறந்தபின் அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். (முதலில் அவருக்கு ஒரு நாய் கொடுத்தேன். நாய் வந்ததும் தனிமை குறைந்துவிட்டது. பிடுங்கிக்கொண்டேன்.)

ஒரு வியாழக்கிழமை பேக்கரி வாசலில் வேர்த்துக் கொட்டி, மயங்கிச் சரிந்தார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதில் சர்க்கரை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"ஏன் மாமா நலினிகிட்ட ஆச்சுன்னு சொன்னீங்க?"

"கேட்டா இல்லன்னா சொல்லுவாங்க? அது என்ன, எழுந்து வந்து தோசை ஊத்தப் போகுதா?"

"சரி, மாத்திரையாவது போடாம இருந்திருக்கலாமே!"

"சாப்ட்டேன்னு சொல்லியாச்சு. அதையும் போடலன்னா ரெண்டு பொய்யாயிடுமேம்மா."

ஜோவிதாவுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது.

"அந்தக் கேள்வியையே எடுத்துடறேன் மாமா."

"எடுத்துடாத. என்னை அப்படிக் கேக்கறது அவ ஒருத்திதான்."

4

முடிவு அ: கேள்வியை எடுத்துவிடுகிறாள். சிரில் நலினியை அணைத்துவிடுகிறார். நாளடைவில் மாத்திரையும் நின்றுபோகிறது.

முடிவு ஆ: விட்டுவைக்கிறாள். அடுத்த முறை அவர் விழும்போது பக்கத்தில் யாரும்… (இதை எழுத மனசு வரவில்லை.)*

* 'என்ன சாப்பிட்டீங்க' என்று கேட்கலாமே என்பீர்கள். ஜோவிதா அதையும் எழுதிப் பார்த்தாள். எல்லோரும் இட்லி என்றார்கள்.

5

'அவ ஒருத்திதான்' என்றது ஜோவிதாவைச் சுட்டது. நலினிதான் கேட்கிறாளே என்று, அடுத்த தெருவில் இருந்துகொண்டு அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. சிரில் வீடு திரும்பிய மறுநாள் காலை, நேரே போய்க் கதவைத் தட்டினாள்.

"மாமா, சாப்டாச்சா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆச்சும்மா, ஆச்சு!"

மேசையில் மாத்திரை டப்பா திறந்திருக்கிறது. அடுப்பில் ஒரு பாத்திரம் மூடியிருக்கிறது. சாப்பிட்டேன் என்று ஒருவர் சொன்னபிறகு அவர் வீட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பது நம்மிடம் வழக்கமில்லை. ஜோவிதா வாசலிலேயே நிற்கிறாள். அவளை எப்படி நகர்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் உள்ளே போங்கள். மூடியைத் திறப்பதா வேண்டாமா என்று அங்கே போய் யோசித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.